தூக்காத மூட்டை

என் மகள் அதினாயின் முதுகைச் சரியாகப் பார்த்த முதல் ஆள் பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ். செப்டம்பரில் நடக்கிற பரிசோதனை. ஏழாம் வகுப்புப் பெண்களை வரிசையாக நிறுத்திக் குனியச் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் முதுகெல்லாம் சமமாக இருக்க, அதினாயின் வலது தோள்பட்டை எலும்பு மட்டும் இரண்டு விரற்கடை மேலே எழும்பி நின்றதாம்.

நான் எங்கள் ஊரான காரகோலிலிருந்து கிஜில்-சூவுக்கு மினிபஸ் ஓட்டுகிறவன். பதினான்கு இருக்கை, அதில் இருபது பேர். தினமும் அவளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிடுவது நான்தான். அவள் இறங்கி நடக்கும்போது பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். பை கனம், அதனால் ஒருபக்கம் சாய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எக்ஸ்ரே எடுத்தோம். முதுகெலும்பு ஆங்கில ‘எஸ்’ எழுத்தைச் சோம்பேறித்தனமாக எழுதியதுபோல் இருந்தது. இருபத்தேழு டிகிரி வளைவு. எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சின்னச் சீட்டு ஒன்றை எழுதி முத்திரை குத்தினார். உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கு. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது.

“அப்ப என்னதான் செய்யலாம்?” என்று அதினாய் கேட்டாள்.

“உக்காந்திருக்கலாம்,” என்றார் அவர். “நேரா உக்காரணும்.”

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பெர்மெத்திடம் சீட்டையும் படத்தையும் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் படித்தாள், இரண்டு தடவை. “இதே வாசகம்தான். ஒரு எழுத்துகூட மாறல,” என்றாள்.

பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி, உள்சட்டையைத் தூக்கினாள். ஜன்னல் பக்கமிருந்து மாலை வெயில் நேராக விழுந்தது. அவளுடைய இடுப்பு இடதுபக்கம் புடைத்தும், வலதுபக்கம் ஒரு பள்ளம் விழுந்தும் இருந்தது. முதுகுத்தண்டு அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கியது.

கல்யாணமாகி பதினைந்து வருஷம். பெர்மெத் தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை. தன் சட்டைகளை எல்லாம் தானேதான் தைப்பாள். அவற்றின் வலது இடுப்பில் உள்ளுக்குள் ஒரு பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்திருப்பாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலமானால் இடுப்பு வலிக்கிறது என்பாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வலிக்காது என்று நானும் சொல்வேன்.

“அஞ்சாம் வகுப்புலேர்ந்து பதினொண்ணாம் வகுப்பு முடிய எனக்கும் இதே சீட்டுதான்,” என்றாள் மகளைப் பார்த்து. “மத்தவளுங்க எல்லாம் ஓடுவாளுங்க, பந்து அடிப்பாளுங்க. என்கிட்ட கோட்டையும் தோட்டையும் கழட்டிக் குடுத்துட்டுப் போவாளுங்க. ஏழு வருஷம் நான் அதுக்குக் காவல். அப்படி உக்காந்து உக்காந்து என்ன ஆச்சு, பாத்தியா? நின்னுச்சா வளைவு? நிக்கல.”

அதினாய் தன் அம்மாவின் முதுகை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த தப்பு என்னுடையது. என் பயணி ஒருத்தர், எலும்பு கட்டுகிறவர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். மலையடிவாரத்தில் இருக்கிறார், இரண்டே உலுக்கலில் தன் கழுத்தைச் சரிசெய்துவிட்டார் என்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் வீட்டு முற்றத்தில் ஓர் ஆள் குப்புறப் படுத்திருந்தான். பெரியவர் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, தோளைப் பிடித்து முறுக்கினார். சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். பெர்மெத் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

“திருப்புங்க வண்டியை.”

“இவ்வளவு தூரம் வந்துட்டோம். சும்மா ஒரு தடவை காட்டிட்டு...”

“இது என்ன வேலிக்கம்பியா, முறுக்கி நிமிர்த்த? வளர்ற பிள்ளை. திருப்புங்கன்னா திருப்புங்க.”

திருப்பினேன்.

ஜுக்ராவைக் கண்டுபிடித்தது பெர்மெத். அவள் கடைக்குச் சீருடை தைக்கக் கொடுக்க வந்த ஒரு தாய் சொன்னாளாம். ஜுக்ரா டுங்கான் பெண், சீன முஸ்லிம் வம்சம். முப்பது வயதுகூட இருக்காது. தலைநகர் பிஷ்கெக்கில் பிசியோதெரபி படித்துவிட்டு வந்து, மசூதித் தெருவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள். சுவரோடு பொருத்திய மர ஏணிகள், பெரிய கண்ணாடிகள், அரிசி நிரப்பிய சின்னச் சின்னத் தலையணைகள், அவ்வளவுதான் அங்கே. அவள் அம்மா சந்தையில் அஷ்லியான்-ஃபூ என்கிற குளிர்ந்த புளிப்பு நூடுல்ஸ் சூப் விற்கிறவள். அதனால் அந்த அறையில் எப்போதும் வினிகர், பூண்டு வாசனை இருக்கும்.

ஜுக்ரா இரண்டு பேரையும் குனியச் சொல்லி, முதுகில் ஒரு சின்னக் கருவியை வைத்து அளந்தாள். எக்ஸ்ரேக்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். பெர்மெத்துக்கும் இப்போது படம் எடுத்திருந்தோம். முப்பத்தெட்டு டிகிரி.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் நிமிர்த்துவேன்னு நினைச்சு வராதீங்க,” என்றாள். “இது பக்கவாட்டுல மட்டும் வளையல, திருகியும் இருக்கு. துணியை இஸ்திரி போடற மாதிரி போட்டுட முடியாது. பாப்பாவுக்கு என்ன வேணும்? வளர்றது நிக்கிற வரைக்கும் வளைவு கூடாம இருக்கணும். அதுக்குக் கவசம் போடணும், பிஷ்கெக்குல அளவெடுத்துச் செய்வாங்க. கூடவே பயிற்சி. உங்களுக்கு என்ன வேணும்னா, வலி குறையணும், மூச்சு நல்லா எடுக்கணும், தாங்கற தசை பலமாகணும். இது ரெண்டும் நடக்கும். உறுதியாச் சொல்றேன்.”

“ஓடலாமா?” இது அதினாய்.

“ஓடலாம், நீந்தலாம், பந்து விளையாடலாம். யார் சொன்னது கூடாதுன்னு?”

நான் சீட்டைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள்.

கூடாதது எது என்றும் சொன்னாள். தோளில் பாரம் சுமக்கக்கூடாது. முதுகை வில்லாகப் பின்னால் வளைக்கக்கூடாது. இடுப்பைப் பலமாகத் திருகக்கூடாது. வலித்தால், காலில் மரத்துப்போனால், மூச்சு அடைத்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், வீரம் காட்டக்கூடாது. “இதெல்லாம் உங்க முதுகைப் பாத்துச் சொல்றது. இன்னொருத்தருக்கு இன்னொண்ணு சொல்வேன்,” என்றாள்.

அக்டோபரில் கவசம் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக், மூன்று பட்டை. அதினாய் அதற்கு ‘ஆமை’ என்று பேர் வைத்தாள். பயிற்சி நேரம் தவிர மற்றப்படி இருபது மணிநேரம் ஆமைக்குள்தான். முதல் வாரம் அழுதாள். மூன்றாவது வாரம், வகுப்பில் எவனோ முதுகில் குத்தியபோது அவன் கைதான் வலித்ததாம். அதற்கப்புறம் அழவில்லை.

காலை ஆறு மணிக்கு அலமாரிக் கண்ணாடி முன்னால் அம்மாவும் மகளும். ஜுக்ரா சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் மூச்சுதான். அதினாய் வலது விலாவுக்கு அடியில் அரிசித் தலையணை வைத்து, கையால் ஏணியைப் பிடித்துத் தன்னை நீட்டிக்கொண்டு, உள்வாங்கியிருந்த இடது விலாவுக்குள் காற்றை அனுப்ப வேண்டும். சொன்னால் சிரிப்பாக இருக்கும், காற்றைப் போய் எப்படி இடதுபக்கம் மட்டும் அனுப்புவது? ஆனால் இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் மெல்ல உப்புவதை நானே கண்ணால் பார்த்தேன். வீட்டு ஏணியும் நான் செய்ததுதான், பழைய வண்டியின் கூரைச் சட்டத்தை வைத்து.

பெர்மெத்தின் அவசரம் வேறு. இருபத்தைந்து வருஷத்தை ஒரு மாதத்தில் பிடித்துவிட வேண்டும் அவளுக்கு. தனக்குக் கொடுத்த நாலு பயிற்சி போதாது என்று, மகளுடையதையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்தாள். எனக்குத் தெரியும். நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். பத்தாவது நாள் காலையில் அவளால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. இடது காலில் முழங்கால் வரைக்கும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றாள்.

ஜுக்ரா வீட்டுக்கே வந்தாள். கால் விரல்களை அசைக்கச் சொன்னாள், முழங்காலைத் தட்டிப் பார்த்தாள், பிறகு நரம்பு மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். பெரிதாக ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் திட்டினாள்.

“அக்கா, பாப்பாவுக்கு வளைவு மேல, வலதுபக்கம். உங்களுக்குக் கீழ, இடதுபக்கம். அவ பயிற்சியை நீங்க செஞ்சா, உங்க வளைவை நீங்களே இன்னும் அழுத்தறீங்க. அவ செருப்பைப் போட்டுக்கிட்டு நடப்பீங்களா?”

“எல்லாம் முதுகுதானேன்னு...”

“எல்லாம் முதுகுதான். ஒவ்வொண்ணும் வேற முதுகு.”

பத்து நாள் நடை மட்டும். பெர்மெத் சொன்னபடி கேட்டாள். அவள் முகத்தில் அப்போது ஒரு பயம் இருந்தது. அந்த மருத்துவர் எழுதியதுதான் சரியோ, தனக்கு விதித்தது உட்கார்ந்திருப்பதுதானோ என்று. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாவு பிசைந்துகொண்டே, “என்னால கெட்டுடுச்சுன்னா அவளும் பயந்துடுவா,” என்றாள். “நான் நிறுத்தினா அவளும் நிறுத்திடுவா.” நிறுத்தவில்லை. பதினோராம் நாள் தன்னுடைய நாலு பயிற்சியோடு மறுபடி கண்ணாடி முன்னால் நின்றாள். நாலே நாலு.

நடை மட்டும் நீண்டுகொண்டே போனது. ஜனவரியில், ஆற்றங்கரைச் சாலையில் பனி கெட்டியாக மிதிபட்டிருந்த நாட்களில், நூறு அடி நடை, ஐம்பது அடி ஓட்டம் என்று ஜுக்ரா அனுமதித்தாள். பிறகு பாதிப்பாதி. நான் வண்டியை எடுக்கப் போகும்போது பாப்லர் மரங்களுக்கு நடுவே அம்மாவும் மகளும் வாயிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு வருவார்கள். மார்ச் மாதம் பெர்மெத் நாலு கிலோமீட்டர் நிற்காமல் ஓடினாள். வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இடுப்பு வலிக்குதா?” என்றேன். இடுப்பில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “நான் இப்பத்தான் அதை நினைச்சேன். ஓடறப்ப நினைக்கல,” என்றாள்.

அதே மாதம் அதினாய்க்கு மறுபடி எக்ஸ்ரே. இருபத்தாறு டிகிரி.

“குறைஞ்சிருக்கு,” என்றேன் நான்.

“ஒண்ணு ரெண்டு டிகிரி அளக்கறதுலயே முன்னபின்ன வரும் அண்ணே. அப்படியே இருக்குன்னு வெச்சுக்கோங்க,” என்றாள் ஜுக்ரா. “இவ இந்த ஆறு மாசத்துல மூணு சென்டிமீட்டர் வளந்திருக்கா. அவ்வளவு வளந்தும் அப்படியே இருக்கு. எனக்கு இதைவிட நல்ல சேதி வேண்டாம்.”

ஏப்ரலில் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ‘அப்பா, அம்மா, நான்: விளையாட்டுக் குடும்பம்.’ சோவியத் காலத்திலிருந்து நடக்கிற போட்டி இது. அதினாய் எங்களைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

விளையாட்டு ஆசிரியர் தோரோன்பெக், பெர்மெத்தோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்தக் காலத்தில் ஓட்டத்தில் முதலாவது. அவரும் தன் கோட்டை இவளிடம்தான் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார். பட்டியலைப் பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் வரச்சொன்னார்.

“பெர்மெத், நீயா? தொலோன் வயிறு ஒண்ணு போதாதா எனக்குத் தலைவலிக்கு?”

“என் வயித்தை ஏன் இழுக்கறீங்க?” என்றேன்.

“நான் இழுக்கல, அதுவா வெளிய வருது.” பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “விளையாட்டுக்குச் சொல்லல பெர்மெத். உனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆச்சுன்னா கையெழுத்துப் போட்ட நான்தான் பதில் சொல்லணும். பிள்ளையோட விலக்குச் சீட்டு நகல் ஃபைல்ல இருக்கு. எனக்கு ஒரு தாள் வேணும்,” என்றார்.

ஜுக்ரா தாள் எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம் முழுக்க. இன்னது செய்யலாம், இன்னது கூடாது, போட்டிக்கு முன்னால் கால்மணிநேரம் உடம்பைச் சூடாக்க வேண்டும் என்றெல்லாம். தோரோன்பெக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “இது சான்றிதழா, சமையல் குறிப்பா? சரி. ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. ஒரு ஆட்டத்தைச் செய்யலைன்னா, அதுல கடைசியா வந்தவங்க நேரம் உங்களுக்கு. அதுக்கு மேல பத்து வினாடி அபராதம்.”

“போட்டுக்கோ,” என்றாள் பெர்மெத்.

சனிக்கிழமை காலை. ஐந்து குடும்பங்கள். பள்ளிக்கூடத்து உள்ளரங்கம் நிறைந்துவிட்டது. ஜுக்ராவும் அவள் அம்மாவும்கூட வந்திருந்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது கால்நடை மருத்துவர் காசிமின் குடும்பத்தை. அவர் பழைய மல்யுத்த வீரர். அவர் மனைவி தமாரா பால் பண்ணையில் வேலை செய்கிறவள், நல்ல வலுவான கை. பையன் எட்டாம் வகுப்பு.

பெர்மெத் ஒரு மூலையில் அதினாயின் கவசத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். இரண்டு பேரும் அரங்கச் சுவரில் பதித்திருந்த மர ஏணியைப் பிடித்துக்கொண்டு, தங்கள் தங்கள் பக்கத்துக்கு மூச்சு விட்டார்கள். பின்வரிசையில் யாரோ, “பிரசவத்துக்குத் தயாராறாங்க போல,” என்றார். சிரித்தார்கள். பெர்மெத் மூச்சைக் குறைக்கவில்லை.

முதல் ஆட்டம் அப்பாக்களுக்கு, பந்தைத் தட்டிக்கொண்டு கம்புகளுக்கு நடுவே ஓடுவது. என் பந்து ஒருதடவை தலைமை ஆசிரியர் மடிக்குப் போய்விட்டு வந்தது. நாலாவதாக வந்தேன். அடுத்தது பிள்ளைகளுக்கு. அதினாய் வளையங்களுக்குள் நுழைந்து ஓடி, ஐந்து பந்தில் நாலைக் கூடையில் போட்டாள். எங்கள் இடம் இரண்டுக்கு ஏறிவிட்டது.

மூன்றாவது ஆட்டம், உருளைக்கிழங்கு மூட்டை. இருபது கிலோ. தோளில் தூக்கிக்கொண்டு அரங்கத்தை இரண்டு சுற்று வர வேண்டும். குடும்பத்தில் யார் தூக்குவது என்பது குலுக்கலில். அதினாய் சீட்டு எடுத்தாள். ‘அம்மா’ என்று இருந்தது. காசிம் வீட்டுக்கும் அதே சீட்டுதான். தமாரா மூட்டையைத் தூக்கித் தோளில் எறிந்துகொண்டு, கன்றுக்குட்டியைக் கொண்டுபோகிறவள் மாதிரி இரண்டு சுற்றும் ஓடிவந்தாள். அரங்கம் அதிர்ந்தது.

எங்கள் முறை வந்தது. பெர்மெத் கோட்டுக்கு வந்து மூட்டையைப் பார்த்தாள்.

“தூக்கு பெர்மெத்!” என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் எல்லாரும். கைதட்டு ஒரே தாளத்தில் விழுந்தது. தூக்கு, தூக்கு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நாலு கிலோமீட்டர் ஓடுகிறவள்தானே, இருபது கிலோ என்ன பெரிய பாரம், இரண்டே சுற்று என்று எனக்குள்ளே தோன்றிவிட்டது. “தூக்கிடு பெர்மெத்,” என்று நானும் கத்தினேன்.

அவள் குனிந்து மூட்டையின் காதைப் பிடித்தாள். அவளுக்கும் ஆசைதான், அந்தக் கையில் எனக்குத் தெரிந்தது. பிறகு திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, அதினாயைப் பார்த்தாள். அதினாய் கைதட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பெர்மெத் மூட்டையின் காதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் தூக்க மாட்டேன், தோரோன். அபராதத்தை எழுதிக்கோ,” என்றாள். நல்ல சத்தமாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

கைதட்டு நின்றுவிட்டது. ஒரு கிழவர், “அப்ப எதுக்கு வந்தாளாம்?” என்று பக்கத்து ஆளைக் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. தோரோன்பெக் அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, “பத்து வினாடியை விட்டுடறேன் பெர்மெத். கடைசி ஆளோட நேரத்தை மட்டும் போட்டுக்கறேன்,” என்றார்.

“வேண்டாம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நீதானே சொன்னே. எழுது.”

அவள் திரும்பி வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். “நீங்களும் கத்தினீங்களா?” என்றாள்.

“வாய் தவறிடுச்சு.”

“அந்த மூச்சைச் சேத்து வெச்சுக்கோங்க. ஓட வேண்டியிருக்கு.”

கடைசி ஆட்டம் வெளியே மைதானத்தில், தொடர் ஓட்டம். பிள்ளை ஒரு சுற்று, அப்பா ஒரு சுற்று, அம்மா இரண்டு சுற்று. ஒரு சுற்று முந்நூறு மீட்டர். அதுவரை முன்னால் இருக்கிற குடும்பம் முதலில் கிளம்பும். பின்தங்கியவர்கள் எத்தனை வினாடி பின்தங்கினார்களோ அத்தனை வினாடி கழித்துக் கிளம்புவார்கள். யார் முதலில் கோட்டைத் தொடுகிறார்களோ அவர்களுக்கே கோப்பை. காசிம் வீடு முதலில். எங்கள் வீடு பத்தொன்பது வினாடி கழித்து, நாலாவதாக.

அந்தப் பத்தொன்பது வினாடியும் அதினாய் கோட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, காசிமின் பையன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோரோன்பெக் கையை இறக்கியதும் பாய்ந்தாள். என் மகள் ஓடி நான் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் சுற்று முடிவதற்குள் இரண்டு குடும்பங்களைத் தாண்டிவிட்டாள். காசிமின் பையனுக்கும் அவளுக்கும் பத்து வினாடி இடைவெளிதான் இருந்தது. அப்புறம் கோலை என் கையில் வைத்தாள்.

என் ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாதிச் சுற்றில் கண் இருட்டியது. காசிமும் மல்யுத்தக்காரர்தான், ஓட்டக்காரர் இல்லை. அதனால் நான் இழந்தது ஐந்தாறு வினாடியோடு போயிற்று. பெர்மெத் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். “மெதுவா, மெதுவா வாங்க, விழுந்துடாதீங்க,” என்றாள். கோலைக் கொடுத்துவிட்டுப் புல்லில் விழுந்தேன்.

தமாரா முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். மைதானத்தில் கால்வாசிக்கு மேல் இடைவெளி. பெர்மெத் துரத்தவில்லை. ஆற்றங்கரையில் ஓடுகிற அதே ஓட்டம்தான், கொஞ்சம் கூட்டி. தோள் ஆடவில்லை. முதல் சுற்று முடிந்து எங்களைக் கடந்தபோது அவள் மூச்சு எனக்குக் கேட்டது. உள்ளே இரண்டு அடிக்கு, வெளியே மூன்று அடிக்கு. தமாராவின் ஆரம்ப வேகம் தணிய ஆரம்பித்திருந்தது, இடைவெளி பத்து வினாடிக்கும் கீழே வந்திருந்தது.

“இப்பவே முடுக்கிடாதீங்க அக்கா,” என்றாள் ஜுக்ரா என் பக்கத்தில், யாருக்கும் கேட்காத குரலில். அவள் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. அவளுக்கே அது தெரியாது.

இரண்டாவது சுற்றில், பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில், தமாராவின் ஓட்டம் உடைந்தது. இருபது கிலோவைச் சுமந்த தோளும், முதல் சுற்றில் கொட்டிய வேகமும் சேர்ந்து கணக்குக் கேட்டன. அவள் நிற்கவில்லை, நல்ல மனுஷி, விடாமல் ஓடினாள். ஆனால் கால் இழுத்தது. பெர்மெத் அதே ஓட்டம். எட்டு, ஆறு, நாலு என்று அதினாய் எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் இரண்டு பேரும் தோளுக்குத் தோள் வந்தார்கள்.

நேர்ப்பாதையில் பெர்மெத் முடுக்கினாள். அவளிடம் அப்படி ஒன்று மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது. ஸ்கார்ஃப் அவிழ்ந்து பறந்தது. தையல்காரி, முப்பத்தெட்டு டிகிரி முதுகுக்காரி, ஏழு வருஷம் கோட்டுக்குக் காவல் இருந்தவள், தமாராவுக்கு மூன்று எட்டு முன்னால் கோட்டைத் தாண்டி, இன்னும் இருபது அடி ஓடித்தான் நின்றாள்.

அதினாய் ஓடிப்போய் அவள் மேல் ஏறப் பார்த்தாள். “முதுகுல ஏறாதே, முன்னால வா,” என்று சொல்லி அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள் பெர்மெத். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தமாரா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அவள் கையைப் பிடித்தாள். “மூட்டையைத் தூக்காதப்ப, பயந்தாங்கொள்ளின்னு நினைச்சேன்,” என்றாள். “பயந்தவ நீ இல்லடி. நான் இன்னிக்கு ராத்திரி என் தோளுக்கு என்ன தடவறதுன்னு பயந்துக்கிட்டிருக்கேன்.”

தோரோன்பெக் தன் நேரக் கடிகாரத்தைப் பார்த்தார், பெர்மெத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். “இருபத்தஞ்சு வருஷமா நான்தான் வேகம்னு நினைச்சிட்டிருந்தேன்,” என்றார். “உன்னை அன்னைக்கு எழுப்பி ஓட விட்டிருக்கணும்.”

“இப்ப ஓடிட்டேன்ல,” என்றாள் அவள்.

பரிசு ஒரு கோப்பை, ஒரு கைப்பந்து, ஒரு மின்சாரக் கெட்டில். ஜுக்ராவின் அம்மா எங்களைச் சந்தைக்கு இழுத்துப்போய், ஆளுக்கு இரண்டு கிண்ணம் அஷ்லியான்-ஃபூ வைத்தாள். அதினாய் ஒரு கையால் கவசத்தின் பட்டையை இறுக்கிக்கொண்டே மறுகையால் நூடுல்ஸை உறிஞ்சினாள். பெர்மெத் மூன்றாவது கிண்ணம் கேட்டாள்.

திங்கட்கிழமை முதல் வண்டி. பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது, மீதிப் பேருக்கு நான் சொன்னேன். மூட்டை வரைக்கும் வந்தபோது வண்டியில் பேச்சே இல்லை. நான் கத்தினதையும் மறைக்கவில்லை. கடைசி வளைவுக்கு வந்தேன், தோளுக்குத் தோள் என்றேன், அப்போது பின்னால் இருந்து ஒருவர், “தொலோன், எங்க ஊர் தாண்டிப் போயி ரெண்டு கிலோமீட்டர் ஆச்சு,” என்றார்.

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“முடிவு தெரியணும்ல. சொல்லு, அப்புறம் திருப்பு.”

சொல்லி முடித்துவிட்டுத்தான் திருப்பினேன். இறங்கும்போது ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், பெரிய சால்வையால் தோளை மூடியிருந்தாள், என் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, அந்தப் பிசியோதெரபிஸ்ட் எந்தத் தெரு என்று கேட்டாள்.

“மசூதித் தெரு. நீல கேட்,” என்றேன். “தெரியலைன்னா அங்கயே நில்லுங்க. வினிகர் வாசனை வரும்.”

அவள் தெருவின் பெயரை மெல்லத் தனக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய், காரகோலுக்குத் திரும்பும் வண்டிக்குக் கையைக் காட்டினாள்.